கூச்சம் தீர்ப்பது மூலிகையா, வெடியுப்பா?

ஈறு நோய்க்குச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் மூன்றாம் நாள் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "நல்லா இருந்த பல்லைச் சுரண்டிக் கெடுத்துட்டாங்க." எந்தப் பல் மருத்துவமனை வாசலிலும் இதைக் கேட்கலாம். என் அத்தையும் சொன்னார். பத்து வருடமாக ஈறில் ரத்தம் வந்தபோது ஒரு நாளும் குறைப்பட்டுக்கொள்ளாதவர், பல் காரையை எடுத்த பிறகு பானைத் தண்ணீர்கூடக் கூசுகிறது என்று செம்பைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த வாரம் அவர் வீட்டுக் குளியலறையில் ஒரு மூலிகைப் பற்பசை வந்து உட்கார்ந்திருந்தது. பெட்டியில் கிராம்பும் வேப்பிலையும் படமாக இருந்தன. சிகிச்சை முடிந்த மூன்றாம் வாரத்தில் கூச்சம் போய்விட்டது. "பார்த்தியா, நம்ம மூலிகைதான்" என்றார்.

அத்தையின் முடிவு சரியா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. கேள்விக்குப் பொருத்தமான ஊர் கோரிமேடு. புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில், ராஜீவ் காந்தி சிலையைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது அது. 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழித்தோன்றலான ஜிப்மர் அங்கேதான். 1990இல் புதுச்சேரி அரசு தொடங்கிய பல் மருத்துவக் கல்லூரியும், அதாவது இன்றைய மகாத்மா காந்தி பல் மருத்துவப் பட்டமேற்படிப்பு நிறுவனமும், அங்கே இந்திரா நகரில்தான் இருக்கிறது. விழுப்புரம், திண்டிவனம், கடலூர்ப் பக்கத்து ஜனங்களுக்கு "கோரிமேட்டுக்குப் போறேன்" என்றாலே ஆஸ்பத்திரிக்குப் போவதாகத்தான் அர்த்தம்.

ஈறு நோய் சின்ன விஷயமில்லை. பற்களைத் தாங்கும் எலும்பு கரையும் அளவுக்கு முற்றிய ஈறு நோய் 2010இல் உலகில் சுமார் 74 கோடிப் பேருக்கு இருந்ததாக ஒரு பெரிய மதிப்பீடு கூறுகிறது. நூறில் பதினொரு பேர் என்ற கணக்கு. நம் பாட்டிமார்கள் இதை 'பயோரியா' என்றார்கள். அந்த ஆங்கில மருத்துவச் சொல் பல்பொடிப் பொட்டலங்களிலும் இருந்தது. இலங்கை வானொலியில் கோபால் பல்பொடி விளம்பரம் கேட்டு வளர்ந்த தலைமுறைக்குப் பொடி என்பதே ஒரு மருந்துதான். ஆனால் காரை ஏறி, ஈறு பல்லைவிட்டுப் பிரிந்து, பை போலக் குழிவிட்ட பிறகு எந்தப் பொடியும் உள்ளே போகாது. கருவியால்தான் சுரண்டி எடுக்க வேண்டும். 1728இல் பாரிசில் பியர் ஃபோஷார் என்ற அறுவை மருத்துவர் பல் மருத்துவத்துக்கென்றே ஒரு பெரு நூல் எழுதி, அதில் காரை எடுக்கும் கருவிகளையும் விவரித்தார். கருவிகள் நவீனமாகிவிட்டன, வேலை அதேதான்.

சுரண்டினால் ஏன் கூசுகிறது? பல்லின் மேல்பகுதியை எனாமல் மூடியிருக்கிறது. ஈறுக்குள் புதைந்த வேரை மூடியிருப்பது சிமெண்டம் என்ற மெல்லிய படலம். கழுத்துப் பகுதியில் அதன் தடிமன் 20 முதல் 50 மைக்ரான், அதாவது தலைமுடியை விடவும் மெலிது. நோயினால் ஈறு ஏற்கெனவே கீழிறங்கியிருக்கும். சிகிச்சைக்குப் பின் வீக்கம் வடிந்ததும் இன்னும் கொஞ்சம் இறங்கும். காரையோடு சேர்ந்து அந்த மெல்லிய படலமும் போனால், அடியில் உள்ள டென்டின் வாய்க்குள் வெளிப்படும். டென்டின் கெட்டியான கல் இல்லை. சதுர மில்லிமீட்டருக்குப் பல்லாயிரம் நுண்குழல்கள் அதற்குள், பல்லின் நடுவிலுள்ள பற்கூழ் வரை ஓடுகின்றன. குழல்களில் திரவம் நிறைந்திருக்கிறது. குளிர்ச்சியோ காற்றோ இனிப்போ பட்டால் அந்தத் திரவம் நகர்கிறது. நகர்வை உள்ளே இருக்கும் நரம்பு வலியாக உணர்கிறது. 1960களில் சுவீடன் ஆய்வாளர் மார்ட்டின் பிரான்ஸ்ட்ரம் நிலைநாட்டிய இந்த விளக்கத்தைத்தான் இன்றும் பெரும்பாலோர் ஏற்கிறார்கள்.

1987இல் பிரிட்டனில் கூசும் பற்களையும் கூசாத பற்களையும் மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். கூசும் பல்லில் திறந்த குழல்கள் எட்டு மடங்கு அதிகம். விட்டம் ஏறக்குறைய இரு மடங்கு. இரு மடங்குதானே என்று தோன்றலாம். குழாயில் ஓடும் திரவத்தின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்று பிரெஞ்சுக்காரர் புவாசோய் வகுத்த விதி இருக்கிறது. அதன்படி இரு மடங்கு விட்டம் பதினாறு மடங்கு ஓட்டம். எட்டையும் பதினாறையும் பெருக்கினால் 128. அத்தையின் செம்புத் தண்ணீர் ஏன் அப்படிச் சுள்ளென்றது என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

ஆகவே கூச்சத்தைத் தணிக்க இரண்டே வழி. குழல்களின் வாயை அடைக்க வேண்டும், அல்லது நரம்பை மரக்கச் செய்ய வேண்டும். எந்தப் பசையானாலும், அதன் மேல் எந்த இலை படமிருந்தாலும், இந்த இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும். மூலிகைப் பசைகளை இந்த உரைகல்லில்தான் உரசிப் பார்க்க வேண்டும்.

கிராம்பிலிருந்து தொடங்கலாம். பல்வலிக்குக் கிராம்பு வைக்காத தமிழ் வீடு இல்லை. அது வெறும் நம்பிக்கையில்லை. கிராம்பு எண்ணெயிலுள்ள யூஜினால் நரம்பை மரக்கச் செய்யும். பல் மருத்துவர்களே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத் தற்காலிக அடைப்பாக வைக்கிறார்கள். 2021 மார்ச்சில் ஜெர்மனியின் எர்லாங்கன் ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு சுவையான முடிவை வெளியிட்டார்கள். எலிப் பற்களில் குளிரை உணரும் புரதம் ஒன்றை டென்டினை உருவாக்கும் செல்களில் அவர்கள் கண்டறிந்தார்கள். அதன் பெயர் டிஆர்பிசி5. யூஜினால் அந்தப் புரதத்தைத் தடுக்கிறது. பாட்டி வைத்தியத்துக்கு மூலக்கூறு அளவில் ஒரு சாட்சி கிடைத்த மாதிரிதான். இருந்தாலும் பற்பசையில் கிராம்பு எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்று கேட்க வேண்டும். சொத்தைப் பல்லில் கிராம்பை வைத்து அமுக்கிக் கடிப்பது வேறு. இரண்டு நிமிடம் நுரைத்துவிட்டுக் கொப்பளித்துத் துப்புவது வேறு. வாசனை தங்கும், மருந்து தங்குமா?

அக்கரகாரத்தை மென்றவர்களுக்கு நாக்கு விறுவிறுத்து மரத்தது நினைவிருக்கும். அதற்கும் இதே கேள்விதான்.

துவர்ப்புப் பொருள்களின் கதை வேறு. கருவேலம் பட்டை, ஆலம் விழுது, திரிபலாவின் கடுக்காய் எல்லாவற்றிலும் டானின் நிறைய உண்டு. ஆலும் வேலும் பற்றிப் பழமொழி சொல்வது இந்தத் துவர்ப்பைத்தான். டானின் புரதத்தைக் கட்டி இறுக்கும். ஈறு 'கெட்டிப்பட்ட' உணர்வு அதனால்தான் வருகிறது. குழல் வாயிலுள்ள புரதத்தையும் அது உறையச் செய்யும் என்பது ஆய்வகத்தில் நம்பத்தக்கதாகவே இருக்கிறது. வாய்க்குள், எச்சில் ஓட்டத்தில், சாப்பாட்டின் உராய்வில் அந்த உறைவு எத்தனை நாள் நிற்கும் என்பதுதான் சிக்கல்.

எனக்கு மிகவும் பிடித்தது கீரைக் கதை. பாலக் கீரை நிறையச் சாப்பிட்டபின் நாக்கால் பல்லைத் தடவினால் மாவு பூசியதுபோல நறநறக்கும். கீரையின் ஆக்சாலிக் அமிலம் எச்சிலின் கால்சியத்தோடு சேர்ந்து கால்சியம் ஆக்சலேட் படிகமாகப் பல்லில் படிவதுதான் அது. இதே படிகம் நுண்குழலின் வாயில் படிந்தால்? இத்தாலியின் பொலோனியாவில் ஆய்வாளர்கள் 2006இல் கீரை, ருபார்ப் போன்றவற்றின் சாற்றை டென்டின் துண்டுகளில் தடவிப் பார்த்தார்கள். குழல்கள் அடைபட்டன, திரவம் கசிவது குறைந்தது. ஆக, 'மூலிகையால் குழலை அடைக்க முடியும்' என்பது கற்பனை இல்லை. என்றாலும் அது வாயில் நடந்த சோதனை இல்லை, மேசைமேல் நடந்தது. பல் மருத்துவர் கிளினிக்கில் தடவும் ஆக்சலேட் மருந்துகளைப் பற்றி 2011இல் வெளிவந்த தொகுப்பாய்வோ, ஒரே ஒரு வகையைத் தவிர மற்றவை போலி மருந்தைவிட மேல் என்று சொல்லச் சான்றில்லை என்றது.

இனி கடையில் விற்கும் பசைக்கு வருவோம். பல் கூச்சத்துக்கென்று இந்தியாவில் விற்கும் மூலிகைப் பசைகளில் ஆய்வாளர்கள் அதிகம் எடுத்துச் சோதித்தது ஹிமாலயாவின் ஹையோரா-கே. பெங்களூரு அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் அதை வழக்கமான கூச்சப் பசையோடும், மருந்தில்லாத போலிப் பசையோடும் ஒப்பிட்டார்கள். மூலிகைப் பசை போலிப் பசையைவிட நன்றாக வேலை செய்தது. வழக்கமான பசைக்கு இணையாகவும் நின்றது. விளம்பரத்துக்கு இது போதும். ஆனால் குழாயின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் கீரையோடு 'சூர்யக்ஷாரம்' என்று ஒரு பெயர் இருக்கும். சமஸ்கிருதத்தில் கம்பீரமாக ஒலிக்கும் இந்தப் பொருள் தமிழில் வெடியுப்பு. பட்டாசுக்குப் போடும் அதே உப்புதான். வேதியியலில் அதன் பெயர் பொட்டாசியம் நைட்ரேட்.

ஒப்பிட்ட 'ஆங்கிலப்' பசையின் மருந்து என்ன? அதுவும் பொட்டாசியம் நைட்ரேட்தான். 1974இல் மில்டன் ஹோடோஷ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் அதைக் கூச்சத்துக்கு மருந்தாக முன்வைத்தார். 5 விழுக்காடு என்ற அளவு பிறகு உலகெங்கும் நிலைத்துவிட்டது. ஆகவே இரண்டு பசையும் சமமாக வேலை செய்தன என்றால் வியக்க எதுவுமில்லை. ஓட்டப் பந்தயத்தில் ஒரே ஆள் இரண்டு சட்டையில் ஓடியிருக்கிறார். மூலிகைகள் அதில் ஏதாவது சேர்த்தனவா என்று அறிய வேண்டுமென்றால் வெடியுப்பு இல்லாத மூலிகைப் பசையையும் வரிசையில் நிறுத்தியிருக்க வேண்டும்.

இதில் ஏமாற்று என்று கத்த எனக்கு விருப்பமில்லை. வெடியுப்பு நம் ஊர் மருத்துவத்துக்கு அந்நியமில்லை. சித்த மருத்துவத்தின் உப்பு வகைகளில் அதற்கு நெடுங்காலமாக இடம் உண்டு. பதினேழு பதினெட்டாம் நூற்றாண்டுகளில் பீகார் மண்ணிலிருந்து காய்ச்சி எடுத்த வெடியுப்பைத்தான் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் பிரெஞ்சுக்காரரும் போட்டி போட்டுக் கப்பலேற்றினார்கள், பீரங்கிக்காக. எனக்குள்ள ஒரே வருத்தம், உப்பு செய்த வேலைக்கு இலை பாராட்டு வாங்கிக்கொள்வதுதான். மூலிகை என்பது பெட்டிமேல் ஒரு குணச்சான்றிதழ் ஆகிவிட்டது. இந்தியச் சட்டத்தில் பற்பசை ஒப்பனைப் பொருளாகவும் இருக்கலாம், ஆயுர்வேத மருந்தாகவும் இருக்கலாம். விக்கோ வஜ்ரதந்தி என்ற மூலிகைப் பசை எந்த வகை என்ற வரி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. மறுபுறம், ஆங்கில மருந்துப் பசைகளும் யோக்கியமாக நடந்துகொள்கின்றன என்று சொல்வதற்கில்லை. 2022இல் சென்சோடைன் விளம்பரங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டு, 10 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. வெளிநாட்டுப் பல் மருத்துவர்களைக் காட்டிப் பரிந்துரைக்க வைத்ததும், உலகின் முதலிடம் என்று சொல்லிக்கொண்டதும் குற்றம்.

பொட்டாசியம் நைட்ரேட்டுக்கே சான்று எவ்வளவு திடமானது? நரம்பைச் சுற்றிப் பொட்டாசியம் கூடினால் நரம்பு துடிப்பது குறையும் என்பது கொள்கை. ஆனால் குழல்களில் திரவம் இயல்பாக உள்ளிருந்து வெளியே கசிகிறது. எதிர்நீச்சல் போட்டுப் பொட்டாசியம் எவ்வளவு தூரம் உள்ளே போகும் என்ற சந்தேகம் பல காலமாக இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் குழு 2006இல் இதை அலசியபோது கணக்கில் சேர்க்கத் தக்க ஆய்வுகள் ஆறுதான் தேறின. பலன் தெரிகிறது, ஆனால் திடமாகச் சொல்ல முடியாது என்பதே அவர்கள் முடிவு. எப்படியும் இரண்டு முதல் நான்கு வாரம் தொடர்ந்து தேய்த்த பிறகே அது வேலை செய்யும் என்பார்கள்.

இந்த 'இரண்டு முதல் நான்கு வாரம்' என்பதில்தான் அத்தையின் கதை இருக்கிறது. ஈறு சிகிச்சைக்குப் பின் வரும் கூச்சத்தைப் பற்றிய ஆய்வுகளை 2002இல் மூன்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் திரட்டினார்கள். சிகிச்சைக்கு முன் நூறில் 9 முதல் 23 பேருக்குக் கூச்சம்; சிகிச்சைக்குப் பின் 54, 55 பேருக்கு. ஏறக்குறைய பாதிப் பேர். கூச்சத்தின் கடுமை தொடக்கத்தில் ஒன்று முதல் மூன்று வாரம் கூடி, பிறகு தானாகக் குறைகிறது. எச்சிலிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் குழல் வாயில் மெல்லப் படிகின்றன. உள்ளிருந்தும் பல் தன்னைச் சிறிது அடைத்துக்கொள்கிறது. அத்தை இரண்டாம் வாரம் பசையை மாற்றினார், மூன்றாம் வாரத்தில் சரியாயிற்று. அவர் செங்கல் பொடி தேய்த்திருந்தாலும் அநேகமாக அதே வாரத்தில்தான் குறைந்திருக்கும், செங்கல் வேரை அறுக்காமல் இருந்திருந்தால்.

போதாக்குறைக்கு மனம் வேறு. கூச்ச ஆய்வுகளில் மருந்தில்லாத பசை வாங்கியவர்களிலும் 20 முதல் 60 விழுக்காடு வரை முன்னேற்றம் பதிவாகியிருக்கிறது. கூச்சத்தை எக்ஸ்ரேயில் பார்க்க முடியாது. குளிர்காற்றைப் பீச்சி, நோயாளி முகம் சுளிக்கிறாரா, வேண்டாம் என்று கையைக் காட்டுகிறாரா என்று மதிப்பெண் போட வேண்டும். மூலிகைப் பசைக்கோ நிறம், மணம், காரம் எல்லாம் தனி. கையில் இருப்பது எதுவென்று முதல் நாளே நோயாளிக்குத் தெரிந்துவிடும். கண்ணைக் கட்டிச் செய்யும் சோதனை அங்கே அரைகுறைதான்.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறொன்று. பல் கூச்சப் பசைகளின் சோதனைகளில் யாரைச் சேர்க்கக் கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கும். சமீப மாதங்களில் ஈறு சிகிச்சை செய்துகொண்டவர்களை வழக்கமாக அந்தப் பட்டியலில்தான் வைப்பார்கள். தானாகக் குறையும் கூச்சம் கணக்கைக் குழப்பும் என்பது காரணம், நியாயமான காரணமே. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். மூலிகைப் பசை பற்றி நம்மிடம் உள்ள ஆய்வுகள் பெரும்பாலும் அழுத்தித் தேய்த்தும் புளிப்பு தின்றும் பல் தேய்ந்தவர்களைப் பற்றியவை. காரை எடுத்துவிட்டுக் கோரிமேட்டில் பஸ்ஸுக்கு நிற்பவரைப் பற்றியவை அல்ல. ஈறு நோய் வந்த வேரின் குழல்களுக்குள் கிருமிகள் நுழைந்திருப்பது நுண்ணோக்கியில் தெரிந்த விஷயம். அதனால்தான் இந்தக் கூச்சத்தைச் சாதாரணப் பல் கூச்சத்திலிருந்து பிரித்து 'வேர்க் கூச்சம்' என்றே அழைக்க வேண்டும் என்று 2002இல் ஐரோப்பிய ஈறு மருத்துவர்கள் சொன்னார்கள். ஒருவர் காலுக்கு அளவெடுத்துத் தைத்த செருப்பை இன்னொருவருக்கு மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் மூலிகைப் பசையால் பயனே இல்லையா? உண்டு, ஆனால் விளம்பரம் காட்டும் இடத்தில் இல்லை. வேர்க் கூச்சத்தின் மோசமான விளைவு வலி இல்லை. வலிக்குப் பயந்து அந்த இடத்தைத் தேய்க்காமல் விடுவது. தேய்க்காத இடத்தில் அழுக்குப் படலம் சேரும், ஈறு மறுபடி வீங்கும், படலத்தின் அமிலம் குழல் வாய்களை அடைபட விடாது, கூச்சம் கூடும். இந்தச் சுழலை அறுக்க எது அவரைப் பிரஷ்ஷைக் கையிலெடுக்க வைக்கிறதோ அது நல்லது. அழுக்குப் படலத்தைக் குறைப்பதில் மூலிகைப் பசைகள் சாதாரணப் பசைக்குச் சளைத்தவை இல்லை என்று தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன, சான்றின் தரம் உயர்ந்ததில்லை என்ற எச்சரிக்கையோடு. கிராம்பு மணத்தில் நம்பிக்கை வைத்து அத்தை இரு வேளையும் தேய்த்தார் என்றால் அந்த நம்பிக்கையை நான் ஏன் கலைக்க வேண்டும்?

கலைக்க ஒரு காரணம் இருக்கிறது: ஃப்ளோரைடு. மூலிகைப் பசைகள் பலவற்றில் அது இல்லை. 'ஃப்ளோரைடு இல்லாதது' என்பதைப் பெருமையாகவே அச்சடிக்கிறார்கள். எனாமல் கரையத் தொடங்குவது வாயின் பிஎச் (pH) அளவு 5.5க்கு இறங்கும்போது. வெளிப்பட்ட வேர் 6.2, 6.5லேயே கரையத் தொடங்கிவிடும். ஈறு இறங்கிய அறுபது வயதுக்காரருக்கு வேர்ச் சொத்தை வருவது கூச்சத்தைவிடப் பெரிய கேடு. இந்தியாவில் பற்பசையில் 1000 பிபிஎம் வரை ஃப்ளோரைடு சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஈறு சிகிச்சை முடித்தவர் அதை இழக்கலாகாது. மூலிகைதான் வேண்டுமென்றால் காலையில் அது, இரவில் ஃப்ளோரைடு உள்ளது என்று வைத்துக்கொள்ளலாம். இரவில் கொப்பளிக்காமல் நுரையை மட்டும் துப்பிவிட்டுப் படுப்பது இன்னும் நல்லது.

பொடி மட்டும் கூடாது. உமிக்கரி, செங்கல், உப்புத் தூள் எதுவாயினும், மூடியில்லாத வேரை அவை அரம் போல அறுக்கும். பற்பொடியிலும் பசையிலும் புகையிலை சேர்ப்பதை 1992இலேயே அரசு தடை செய்துவிட்டது. சுட்ட புகையிலையால் பல் தேய்க்கும் பழக்கம் மட்டும் கிராமங்களில் இன்னும் போகவில்லை. ஈறு நோய்க்கு அதைவிட வேறு உரம் வேண்டாம்.

குயவர்பாளையத்தில் மத்திய அரசின் சித்த ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கோரிமேட்டுப் பல் மருத்துவமனையிலிருந்து சில கிலோமீட்டர்தான். ஈறு சிகிச்சை முடித்து அன்றே வெளிவரும் நோயாளிகளை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கருவேலம், கிராம்பு சேர்ந்த பசை, இன்னொரு பிரிவுக்கு அதே பசையில் வெடியுப்பும் கூட்டி, மூன்றாவதற்கு அதே மணம் நிறத்தில் மருந்தில்லாத பசை என்று கொடுத்து, மூன்று பசையிலும் ஃப்ளோரைடை ஒரே அளவில் வைத்து, எட்டு வாரம் குளிர்காற்றுச் சோதனை செய்தால் நம் கேள்விக்கு நேரான பதில் கிடைக்கும். பெரிய செலவில்லை, அபூர்வக் கருவி எதுவும் வேண்டாம். பட்டமேற்படிப்பு மாணவர் ஒருவரின் ஆய்வேட்டுக்குள் அடங்கிவிடும் வேலை.

அதுவரை, சிகிச்சை முடித்தவர் செய்யக் கூடியது இவ்வளவுதான்: மென்மையான பிரஷ், வெடியுப்பு உள்ள பசை (எந்தப் பெயரில் இருந்தாலும்), எலுமிச்சைச் சாறோ கோலி சோடாவோ குடித்த கையோடு பல் தேய்க்காமல் சற்றுப் பொறுத்தல், மூன்று நான்கு வாரப் பொறுமை. அதற்குப் பிறகும் எல்லாப் பல்லும் கூசினால் மருத்துவரே வார்னிஷ் தடவி அடைப்பார். ஒரே ஒரு பல் மட்டும் தனியாக வலித்தாலோ, காபியின் சூடு பட்டு நெடுநேரம் விண்விண் என்று தெறித்தாலோ, ராத்திரி தூக்கத்தில் எழுப்பினாலோ அது வேர்க் கூச்சம் இல்லை, பற்கூழின் கோளாறு. அதற்கு மூலிகையும் இல்லை, வெடியுப்பும் இல்லை. மறுபடி கோரிமேடு பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதுதான்.